வாசலில் நிறுத்தப்பட்ட பென்டிரைவ்

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய தொழிற்சாலையின் செக்யூரிட்டி அறையில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். மின்விசிறி போட்டார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும், "கொஞ்சம் இங்கேயே இருங்க மேடம், எங்கேயும் போயிடாதீங்க" என்று அந்தக் காவலர் சொன்ன விதத்தில், எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது எனக்கு. நான் எதையும் திருடவில்லை. நான் கொண்டுபோன பென்டிரைவில் வைரஸ் இருந்தது.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில். இரும்புத் துண்டுகளைக் கடைந்து வண்டி பாகங்கள் செய்கிறோம். முதலாளியையும் சேர்த்துப் பத்துப் பேருக்குள்தான். மெஷின் எந்த இடத்தில் எவ்வளவு கடைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது என் வேலை. பாகங்கள் தயாரானதும் அவற்றை அளந்து பார்த்து, அந்த அளவுகளை ரிப்போர்ட்டாகப் போட்டு, சரக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டும். டெம்போவோடு போய் அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வருவதும் என் வேலைதான். நான் சொல்லும் இந்தத் தொழிற்சாலைதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். எங்கள் ஆர்டர்களில் பாதிக்கு மேல் அவர்களுடையது.

அளவெடுக்கும் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் பழையது. அதற்கு இன்டர்நெட் இணைப்பு கிடையாது. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. "நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் எப்படி வரும்?" என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. அதனால் அதில் ஆன்டிவைரஸ் போட்ட காலத்திலிருந்து அதை யாரும் புதுப்பிக்கவும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எதை வெளியே எடுப்பதானாலும் பென்டிரைவ்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலையும் வழக்கம்போல ரிப்போர்ட்டை பென்டிரைவில் ஏற்றினேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபோது ஃபோல்டர்களின் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி தெரிந்தது. கிளிக் செய்தேன், திறந்தது. உள்ளே எல்லாம் இருந்தன. டெம்போக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு நடைமுறை உண்டு. வெளியிலிருந்து எந்த பென்டிரைவ் வந்தாலும் நேராக உள்ளே போகாது. வாசலிலேயே தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அது உள்ளே இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரோடும் இணைக்கப்படாதது. அதில் செருகிச் சோதித்த பிறகுதான் அனுமதி. ஒவ்வொரு முறையும் பச்சை நிறத்தில் ஒரு வரி வரும், காவலர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார், நான் உள்ளே போவேன். அன்றைக்குத் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. காவலருக்கே அது புதிது. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

ஐ.டி. பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். திரையைப் படித்துவிட்டு, பென்டிரைவைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார்.

"இதை உங்க கையில திருப்பித் தர முடியாது மேடம். தந்தா நீங்க இன்னொரு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்ப்பீங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அதைத்தான் செய்வதாக இருந்தேன். மெயிலில் ரிப்போர்ட்டை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "எந்த கம்ப்யூட்டர்ல இருந்து அனுப்புவீங்க? அது சுத்தமாகுற வரைக்கும் மெயிலும் வேணாம்" என்றார். போனதும் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் நெட் வயரைக் கழற்றிவிடச் சொன்னார். எந்தப் பென்டிரைவையும் எதிலும் செருகக் கூடாது, விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை எதையும் அழிக்கவும் கூடாது என்றார். கோபமோ இரக்கமோ அவர் குரலில் இல்லை. பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வழி சொல்வது போலச் சொன்னார். பிறகு, அவர்களுடைய தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு தகவல் வந்தது. சரக்கை இறக்க வேண்டாம். மறு அறிவிப்பு வரும்வரை எங்கள் யூனிட்டிலிருந்து எதுவும் எடுப்பதற்கில்லை.

"இன்னா மேடம், எறக்கலையா? அப்டியே திருப்பிகினு போவணுமா?" என்று டெம்போக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பும் வழி முழுக்க, பின்னால் பெட்டிகள் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குலுங்கிக்கொண்டே வந்தன. பாதி ஆர்டர் போனால் பத்துப் பேரில் எத்தனை பேரை முதலாளி வைத்துக்கொள்ள முடியும் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால், நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி எல்லோரையும் மெஷின்களை நிறுத்தச் சொல்லி ஒன்றாக நிற்கவைத்திருந்தார். அவர் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. அன்று கத்தினார்.

"யாரு சொருகினது? யாரு என்னத்தைக் கொண்டுவந்து சொருகினீங்க? இப்பவே சொல்லிடுங்க."

முதலில் என்னைப் பார்த்தார். பென்டிரைவ் என் பொறுப்பில் இருந்தது. அது அலுவலகத்தை விட்டு வெளியே போகவில்லை, சனிக்கிழமை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன், இன்று காலைதான் எடுத்தேன் என்று சொன்னேன். அடுத்து கணக்கு பார்க்கும் பெண்ணைப் பார்த்தார். ஆவடியிலிருந்து ரயிலில் வருபவர், பயந்த சுபாவம். அவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் பாட்டு கேக்கறதுக்கு ஒரு பென்டிரைவ் வச்சிருக்காரே சார்."

அண்ணன் என்றது எங்கள் மூத்த ஆபரேட்டரை. அம்பத்தூர்க்காரர். தொழிற்பேட்டைக்குள் அவர் வேலை பார்க்காத தெரு இல்லை. மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்பதற்காக ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார். அதில் எப்போதும் ஒரு பென்டிரைவ் செருகியே இருக்கும். செல்போன் கடையில் பாட்டு ஏற்றிக்கொண்டு வருவார். எல்லோருடைய பார்வையும் அந்த ஸ்பீக்கருக்குப் போய், பிறகு அவர்மேல் நின்றது.

"இன்னா, எல்லாரும் என்னியே பாக்கிறீங்க? அத்த நான் ஸ்பீக்கர்லதான் போட்டுகினு கீறேன். கம்ப்யூட்டர் ரூமுக்கு எனுக்கு இன்னா வேல?"

"ஆயுத பூஜைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாட்டு ஏத்தினல்ல?" என்றார் முதலாளி.

"அது எப்ப நடந்தது சார்! இப்ப சொல்றியே."

"அன்னைக்குப் பண்ணவன் இன்னைக்குப் பண்ண மாட்டியா?"

அந்த வார்த்தைக்குப் பிறகு ஆபரேட்டர் அங்கே நிற்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து பென்டிரைவை உருவி முதலாளியின் கையில் கொடுத்தார். அழுக்குத் துணியில் கையைத் துடைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எத்தினி வருசம் சார்? ஒரு போல்ட்டு எடுத்துகினு போயிருப்பேனா? பாத்துக்க. நான் வரேன்."

அவர் "வரேன்" என்று சொன்னாலும் திரும்பி வருகிற எண்ணத்தில் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. யாரும் தடுக்கவில்லை. வாசல் ஷட்டரைத் தாண்டி அவர் வெயிலில் இறங்கியபோது, முதலாளி வரச்சொல்லியிருந்த கம்ப்யூட்டர் சரிசெய்பவர் தன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அவர் மாங்காட்டில் கடை வைத்திருப்பவர். எங்கள் பிரிண்டர், கேமரா எல்லாம் அவர்தான் பார்ப்பார். அளவெடுக்கும் அறைக்குப் போய் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி மாற்றிவிட்டுப் பார்த்தார். காலையில் நான் பார்த்த அம்புக்குறியை விளக்கினார். அது ஃபோல்டரே இல்லை. உண்மையான ஃபோல்டர்களை வைரஸ் மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. நாம் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் அதிலும் ஏறிக்கொள்ளும். அதுக்கு நெட் தேவையில்லை, நம்ம கை போதும் என்றார்.

முதலாளி ஆபரேட்டரின் பென்டிரைவை நீட்டி, "இதுதான், பாருங்க" என்றார். சரிசெய்பவர் தன் பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தார். இந்த மாதிரி சோதனைகளுக்கென்றே வைத்திருப்பதாம், அதில் வேறு எதுவும் இருக்காதாம். அதில் செருகிப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டுதான் சார் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு செஞ்சாங்கன்னு எனக்கு வேணாம் சார். ஆனா வெளியில இருந்து வந்த பென்டிரைவ் எது, அது எந்தெந்த சிஸ்டத்துக்குப் போச்சுன்னு தெரியணும். ஒண்ணை விட்டுட்டு மத்ததைத் துடைச்சா, நாளைக்கே திரும்ப வந்துடும்."

அந்த அறையில் நானும் முதலாளியும் அவரும்தான் இருந்தோம். முதலாளி அந்தக் கம்ப்யூட்டரின் பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே நடந்தார். போன் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஷட்டரைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

ஆபரேட்டர் தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தார். ஷேர் ஆட்டோவுக்காக என்று நினைக்கிறேன். எங்கள் யூனிட் ஆட்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நானும் கொஞ்சம் பின்னாலேயே போனேன். பக்கத்து யூனிட்காரர்கள் இரண்டு மூன்று பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் முதலாளி சொன்னார்.

"நான்தான்யா. நேத்து சொருகினது நான்தான்."

ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார்.

முதலாளியின் மகளுக்கு அந்த மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாங்காட்டில் அம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது, ஸ்டூடியோவில் கல்யாணப் போட்டோக்களை பென்டிரைவில் கொடுத்திருக்கிறார்கள், ஆல்பத்துக்கு எதெது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லி. பெரிய திரையில் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று யூனிட்டைத் திறந்து, அளவெடுக்கும் அறையில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரும் உடன் இருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த டீக்கடை வாசலில் நின்று சொன்னார். ஆபரேட்டர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார் நீ. அத்த அப்பவே சொல்ல வேண்டிதானே? நாலு பேரு எதுர்ல என்னைக் கேட்டியே."

"அப்போ ஞாபகம் வரலைன்னு சொன்னா பொய். வந்துச்சு. கல்யாண போட்டோல என்ன வைரஸ் இருக்கப் போகுதுன்னு நெனச்சேன். வேற யாராவதா இருக்கட்டும்னும் நெனச்சேன். தப்பு. மன்னிச்சுக்க."

ஆபரேட்டர் உடனே சமாதானம் ஆகவில்லை. அப்படி ஆவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "இன்னிக்கு நான் ஊட்டுக்குப் போறேன் சார். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். முதலாளி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பக்கத்து யூனிட்காரர் ஒருவர் அவருக்கு ஒரு டீ சொன்னார். அதைக் குடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டது. அங்கே இருந்தவர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதே பென்டிரைவை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று முதலாளி கேட்டதும் குரல் இறங்கியது. எல்லா வீட்டுக்கும் அந்த ஒன்றுதானாம். போட்டோ தேர்ந்தெடுத்ததும் வாங்கி, அழித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்களாம். எத்தனை கல்யாண வீடுகளுக்குப் போனதோ. எல்லோருக்கும் போன் செய்து சொல்லுங்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது போன் நசரத்பேட்டைத் தொழிற்சாலையின் தரப்பிரிவுக்கு. கூடவே அந்த ஐ.டி. பெண்ணும் லைனில் வந்தார். "எங்க பையன் ஒருத்தன்" என்று ஆரம்பித்திருக்கலாம். எங்கள் தொழிலில் அப்படி ஆரம்பிப்பதுதான் வழக்கம். முதலாளி அப்படிச் சொல்லவில்லை. நான் செய்தேன், இன்ன பென்டிரைவ், இன்ன கம்ப்யூட்டர், அங்கிருந்து இத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கம் கேள்விகள் மட்டும்தான் வந்தன. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை.

அடுத்த சில நாட்கள் வேலை ஓடவில்லை. என் கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம்கள் எல்லாம் மறைந்திருந்தனவே தவிர அழியவில்லை. அவற்றை மீட்டு, சோதித்து, தனியாக எடுத்துவைத்த பிறகு கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துப் புதிதாக ஏற்றினோம். அளவெடுக்கும் கருவியின் மென்பொருளை மறுபடி போட அதை விற்ற கம்பெனியிலிருந்தே ஆள் வர வேண்டியிருந்தது. இரும்பைக் கடையும் லேத் மெஷின்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்குள் இருப்பது வேறு வகையான கம்ப்யூட்டர், இந்த வைரஸ் அதில் ஓடாது என்றார் சரிசெய்தவர். அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தடை நீங்க மூன்று நான்கு வாரம் ஆனது. அதற்குள் ஒரு பாகத்தின் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டது. அது திரும்பி வரவே இல்லை. ஆனால் யாரையும் வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

ஆபரேட்டர் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார். வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான மெஷினில் நின்றார். முதலாளியோடு வெகுநாள் வரை வேலைப் பேச்சு மட்டும்தான். பிறகு ஒருநாள் எதற்கோ இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கணக்கு பார்க்கும் பெண் ஆபரேட்டரிடம் போய் மன்னிப்பு கேட்டதாக என்னிடம் சொன்னார். "போம்மா, கேட்டாங்க, சொன்ன. ஒனுக்கு இன்னா தெரியும்" என்றாராம்.

இப்போது எங்கள் யூனிட்டில் வெளியே போகும் பென்டிரைவ் வேறு, மெஷினுக்குப் போகும் பென்டிரைவ் வேறு. நிறமே வேறு வேறு. வெளியே போனது திரும்பி வந்தால், மற்ற கம்ப்யூட்டர்களோடு சேராத ஒரு பழைய லேப்டாப்பில் சோதித்து, உள்ளிருப்பதை அழித்த பிறகுதான் மறுபடி வேலைக்கு வரும். அந்த லேப்டாப்பின் ஆன்டிவைரஸை வாரம் ஒருமுறை புதுப்பிப்பது என் பொறுப்பு. செருகியதும் தானாக எதுவும் ஓடாதபடி எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் மாற்றிவைத்திருக்கிறோம். கோப்புகளின் முழுப்பெயரும் தெரியும்படி செய்திருக்கிறோம். அப்போதுதான் போட்டோ என்ற பெயரில் வேறு எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. தெருவில் கிடந்தது, யாரோ கொடுத்தது, கல்யாண வீட்டில் வந்தது எதுவானாலும் முதலில் அந்த லேப்டாப்தான். முதலாளிக்கும் அதே விதிதான். அவரே பென்டிரைவை நீட்டி, "பாத்துக் குடும்மா" என்று நிற்பார்.

இதெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயங்கள்தான். அந்த ஐ.டி. பெண்ணே பாதியை வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். எனக்கு மறக்காமல் இருப்பது வேறு.

போன மாதம் கணக்கு பார்க்கும் பெண் தன் மகளின் பள்ளிக்கூட ப்ராஜெக்டை ஆவடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறார். அந்தப் பென்டிரைவைக் கைப்பழக்கத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டார். செருகிய அடுத்த நொடி உறைத்திருக்கிறது. நெட் வயரைக் கழற்றிவிட்டு நேராக முதலாளியின் அறைக்குப் போய், "சார், தெரியாம சொருகிட்டேன்" என்றார். முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வயரைக் கழட்டிட்டியா? சரி, மேடத்தைப் பாக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். சோதித்தேன். அதில் ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் அந்தப் பெண் இதை யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டார். நானும்கூடச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், அது கண்டுபிடிக்காமல் விடுவதைக்கூட இப்போது எங்களில் ஒருவர் தானாக வந்து சொல்லிவிடுவார், ஏனென்றால் பயப்படாமல் சொல்லலாம் என்பதை முதலில் செய்து காட்டியவர் எங்கள் எல்லோரையும்விட அதிகம் இழக்க இருந்த முதலாளி.